ஒரே புத்தகம், ஒரே பெஞ்சு: இது சமத்துவமா?

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

'எல்லாரையும் சமமாத்தானே நடத்துறோம். ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஒரே வாத்தியார். உம் புள்ளைக்கு ஏறலைன்னா நாங்க என்ன பண்றது?' இந்தப் பேச்சைக் கேட்காதவங்க நம்மில் யாரும் இருக்க முடியாது. இதே பேச்சு அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே அது உச்சநீதிமன்றத்தில் தோற்றது.

சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 2,800 பேர் இருந்தார்கள். ஏறக்குறைய 1,000 பேருக்குத்தான் கூடுதல் ஆங்கிலப் பயிற்சி கிடைத்தது. மிச்சம் 1,800 பேர் ஒண்ணும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 'வீட்டிலிருந்து வரும் பின்தங்கலுக்குப் பள்ளிக்கூடம் பொறுப்பாகாது' என்பதே அவற்றின் வாதம். நமக்குப் பழக்கமான வாதந்தான்.

1974 ஜனவரியில் 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' வழக்கில் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. மொழி புரியாத பிள்ளைக்குக் கல்வியே மறுக்கப்படுகிறது என்றது. அதற்குக் கைகொடுத்தது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் யாரும் போட்ட பிச்சை இல்லை. கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு வாங்கியது. அவர்கள் போராட்டத்தின் பலன் சீனப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது. 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தன் பெயரை எங்கிருந்து எடுத்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. 1981இல் டெக்சாஸ் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது. உன் முறைக்குச் சரியான கல்விக் கோட்பாடு இருக்கா? அதை நடத்த ஆளும் பொருளும் போட்டிருக்கியா? நடத்திப் பார்த்து பலன் வந்துச்சா? எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நாம கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உதவி என்ற பேரில் பிள்ளைகளைத் தனி அறையில் நிரந்தரமா ஒதுக்கினால், அது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு சேரி. பொது வகுப்பிலேயே வைத்துத்தான் தாங்கிப் பிடிக்கணும். பாடத்துக்கு முன்பே முக்கியமான பத்துச் சொற்களைப் படத்தோடும் பொருளோடும் காட்டு. தன் மொழியில் யோசிக்கவும் பக்கத்துப் பிள்ளையோடு பேசவும் விடு. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திரு. வாய் திறக்கும் முன்னே இலக்கணப் பிழை பிடிக்காதே. கணக்குப் பரீட்சையில் கணக்கைப் பார், இங்கிலீஷைப் பார்க்காதே.

இது நமக்கெதுக்கு? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. கூலி வேலைக்குப் போகும் நம்ம ஜனங்க ஆசையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாங்க. அந்த ஆசையைக் கேலி பண்றவங்க பிள்ளைங்க எங்கே படிக்குதுன்னு விசாரிச்சுப் பாருங்க. ஆங்கிலம் நமக்கு வேணும். அதில் சமரசமே கிடையாது. ஆனால் வீட்டில் இங்கிலீஷ் காற்றே படாத பிள்ளையை அந்த வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, ஏணி தராமல் 'ஏறு' என்றால் அது கல்வி இல்லை.

அந்தப் பிள்ளை மக்கு இல்லை, தோழர்களே. வீட்டு மொழியில் வாயாடும். வகுப்பில் வாய் மூடிப்போனால் அது வகுப்பின் தோல்வி.

மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் நாளைக்கே தொடங்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தின் கடமையை நாமே தலையில் தூக்கிக்கொண்டு அதை விட்டுவிடக் கூடாது. பாடமும் நடத்துவோம், அந்த மூன்று கேள்விகளோடு வாசலிலும் நிற்போம்.