கலியாண வீட்டில் விவாகரத்துப் பேச்சு

(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மணமக்களைப் பாராட்டிப் பேசும்படி நம்மை அழைத்திருக்கிறார்கள். பாராட்டுகிறோம். ஆனால் நாமோ வக்கீல் தொழில் செய்கிறவர்கள். சேர்ந்து வாழ்கிறவர்கள் நம்மிடம் வருவதில்லை. பிரிய வேண்டியவர்கள்தான் வருகிறார்கள். ஆதலால் நமக்குத் தெரிந்த விவாகரத்தைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லப் போகிறோம். இது அபசகுனம் என்று யாராவது முணுமுணுப்பீர்களானால், சகுனம் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பந்தலில் என்ன வேலை?

தோழர்களே! இந்துக் கலியாணம் ஒப்பந்தமல்ல, ஏழேழு ஜன்மத்துக்கும் விடாத தெய்வீக சம்பந்தம் என்று சொல்லிவந்தார்கள். அந்தத் தெய்வீகம் யாரைக் கட்டிற்று? ஆண் ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டலாம், மூன்றாவதும் கட்டலாம். பெண் மாத்திரம் உதைபட்டாலும் துரத்தப்பட்டாலும் அவன் பெண்டாட்டியாகவே சாக வேண்டும். இதைக் கண்டுதான் 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, ஆண் பெண் இருவருக்கும் விவாக பந்தத்தை நீக்கிக்கொள்ளும் உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. குடும்பமே பாழாய்ப் போய்விடும் என்று வைதீகர்கள் கூச்சலிட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1949-லும், பிறகு 1955-ன் இந்து விவாகச் சட்டத்திலும் அவ்வுரிமை வந்தேவிட்டது. 1976-ல் இருவரும் சம்மதித்துப் பிரியவும் வழி ஏற்பட்டது. எந்தக் குடும்பம் இதனால் பாழாய்ப் போயிற்று? முன்பே பாழாய்ப் போன குடும்பத்திலிருந்து மனிதர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் வந்து என்ன? நம்மிடம் பெண்கள் எப்போது வருகிறார்கள் தெரியுமா? பத்து வருஷம் அடிபட்டு, நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு வருகிறார்கள். கூட வரும் தகப்பனார், "எப்படியாவது சேர்த்து வையுங்கள் ஐயா, இளையவள் கலியாணம் நிற்கிறது" என்கிறார். பெண் தலை குனிந்திருக்கிறாள். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உனக்கு என்ன அம்மா வேண்டும்?" என்று கேட்டால் அவள் அழத் தொடங்கிவிடுகிறாள். அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை.

தாய்மார்கள் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். விவாகரத்து வேறு, ஜீவனாம்சம் வேறு. காப்பாற்றாமல் விட்டுவிட்ட கணவனிடம், பிழைக்க வழியில்லாத மனைவி விவாகரத்துக் கேட்காமலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். ஜீவனாம்சத்தை மனுக் கொடுத்த தேதி முதலே கொடுக்க வேண்டும், இரு தரப்பாரும் சொத்து, வரும்படி விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்பீர்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, வரும்படி எவ்வளவானாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. ஜில்லா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுத்தால் போதும். இதைச் சொல்லிக் கொடுத்தால் நம் தொழில்காரர் சிலருக்குக் கோபம் வரும். வாய்தாவின்மேல் வாய்தா வாங்கி, பெண் சலித்துப்போய்க் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகட்டுமென்று காத்திருக்கிறவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

மணமகளாகிய தோழருக்கு ஒரு வார்த்தை. பார்க்கும் வேலையை விட்டுவிடாதீர்கள். பாங்கியில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும். இந்தத் திருமணம் 1967-ம் வருஷத்துச் சட்டப்படி செல்லுபடியாகும். ஆயினும் 90 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மணமகன் இதற்குச் சிரிக்கிறார். நல்ல பிள்ளை என்று தெரிகிறது.

தலைவர் அவர்கள் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரமாகக் காத்திருக்கிறார். நாம் உட்காருகிறோம்.