விரிசலே அரியணை!

தோழர்களே! ஆயிரம் பேரை ஒருவன் ஆள்கிறானே, எப்படி? வாளாலா? வாள் ஒன்று, தலைகள் ஆயிரம்! கசையாலா? கசை பிடித்த கை களைத்துப்போகும். அந்த ஆயிரம் பேரும் ஒன்றுபடாதிருப்பதே அவனது ஆற்றல்!

இராயபுரத்துக்கு அருகே, பெரம்பூரில், பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1918-இல் அத்தொழிலாளருக்கெனப் பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வித்திட்டனர், வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. தோள் கொடுத்தார். கதவடைப்பு வந்தது, வழக்கு வந்தது, சங்கம் மாளவில்லை.

1921-இல் வேலைநிறுத்தம். அப்போது உடைந்தது ஒற்றுமை! ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. மாதக்கணக்கில் பசித்துக் கிடந்தும் தோற்றது தொழிலாளரே!

திரும்பியவரைத் துரோகி எனத் தூற்றுவது எளிது. ஆனால், கேட்கிறேன்: ஊருக்கு வெளியே ஒதுக்கி, தண்ணீர்க் குடத்தைத் தொடவிடாது தடுத்துவிட்டு, ஆலை வாயிலில் மட்டும் தோழனே என்றழைத்தால், நம்புவானா? விரிசலை வெள்ளை முதலாளி உண்டாக்கவில்லை. நாம் வளர்த்து வைத்திருந்தோம். அவன் அதன்மீது அரியணை போட்டான்!

அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதன் பாடம் மூடப்படவில்லை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, வடநாட்டுத் தொழிலாளி என இன்று எத்தனை வரிசைகள்! அடுத்த வரிசையில் நிற்பவனின் கூலி என்னவென்று நீங்கள் கேட்காதவரை, மேலே அமர்ந்திருப்பவனுக்குக் காவற்படை தேவையில்லை. கேளுங்கள்! சங்கத்தில் அவனுக்கும் சரியாசனம் தாருங்கள்! அரியணை தானே ஆட்டங்காணும்!