போதும் என்னும் கணக்கு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பற்றிய உரை என்று அழைப்பிதழில் கண்டவுடன், எதில் பணம் போட்டால் லாபம் என்று அறியும் ஆவலோடு பலரும் வந்திருப்பீர்கள். அதற்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நமக்கு எவ்வளவு போதும்? 'அல்லாஹ் கொடுத்தது போதும்' என்று நாவால் விடை கூறிவிடுதல் எளிது. ரூபாயில், பவுனில், ஆண்டுக் கணக்கில் கூறுங்கள் என்றால் நம்மில் பெரும்பாலோர் திணறிப்போகின்றோம். அந்தத் திணறலைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றோம்.

போதுமென்ற மனத்தை நம் ஆலிம்கள் 'கனாஅத்' என்பர். அது சோம்பலுக்குச் சூட்டப்பட்ட அழகிய பெயரன்று. மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். வந்தவரோ துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவ்வணிகம் பிற்காலத்தில் பெருஞ்செல்வமாக வளர்ந்தது. பிறர் பொருளில் ஆசை வைக்காத அதே மனம்தான் உழைப்பையும் விடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் கனாஅத் ஆகாது. பத்து லட்சம் ரூபாயை எந்தத் தொழிலிலும் ஈடுபடுத்தாமல் வைத்திருந்து, ஆண்டுதோறும் அதிலிருந்தே இரண்டரை சதவீதம் ஜகாத் கொடுத்து வந்தால் பத்தாண்டு முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ 7,76,000 ரூபாய். ஜகாத்தினால் பரக்கத் குறைவதில்லை, கணக்கு கணக்குத்தான். இதற்கு மேல் விலைவாசி வேறு. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினாலே ஏறத்தாழ 12 ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பு பாதியாகிவிடும். ஆகவே பணம் உழைக்கத்தான் வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

இத்தீர்மானம் இல்லாதவர்களைத் தேடித்தான் ஆசை வார்த்தைகள் வருகின்றன. சென்னையில் 2022ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஆருத்ரா கோல்டு விவகாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மாதத்திற்கு 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகக் கூறி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறும் கணக்கு. மாதம் 25 சதவீதம் என்றால் என்ன பொருள்? ஒரு லட்சம் ரூபாயை எடுக்காமல் விட்டுவைத்தால் ஓராண்டில் பதினான்கரை லட்சம் ஆகவேண்டும். எந்த மளிகைக் கடை, எந்தத் தோல் மண்டி, எந்த நகைப் பட்டறை இதைத் தரும்? நம்மிடையே வணிகம் அறியாதவர் எவரும் இலர். கடையில் நாலு ரூபாய் லாபத்திற்கு நாள் முழுதும் நிற்கின்ற நாமே, முகம் அறியாதவரிடம் இதை நம்பிவிடுகின்றோம்.

பெங்களூரு விவகாரம் இதனினும் வேதனையானது. ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் முஸ்லிம் குடும்பங்களிடம் பல்லாண்டுகள் பணம் திரட்டியது. வட்டியை அஞ்சி வங்கி வைப்பையும் தவிர்த்தவர்கள், விதவைகள், ஓய்வுபெற்றவர்கள், மகளின் நகையைக் கொடுத்தவர்கள் எனப் பல்லாயிரவர் அதில் சேர்ந்தனர். 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டை விட்டே சென்றார். ஜூலையில் தில்லி திரும்பியபோது கைது செய்யப்பட்டார். அரபுச் சொல் ஒன்றைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டால் வணிகம் ஹலாலாகிவிடாது. லாபத்தில் பங்கு என்றால் நட்டத்திலும் பங்கு உண்டு என்பதே முளாரபாவின் அடிப்படை. நட்டமே வராது என்று எவரேனும் உறுதி கூறினால், அவர் தாடியையும் தொப்பியையும் பாராமல் கணக்குப் புத்தகத்தைக் கேட்பதே முறை. பொதுமக்களிடம் முதலீடு திரட்டுவோர் செபியிடமோ ரிசர்வ் வங்கியிடமோ முறையாகப் பதிவு பெற்றவரா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இனி, ஓர் எண்ணை முன்வைத்துச் சேமிப்பது எவ்வாறு இருக்கும் என்பதற்கு, நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவிலிருந்து ஒரு சான்று. அந்நாட்டுக் கிராமத்து மலாய் மக்கள் வட்டியை அஞ்சி வங்கியை அணுகாமல், ஹஜ்ஜுக்கான பணத்தை வீட்டில் ஒளித்து வைப்பர். அல்லது மாடும் நிலமும் வாங்கி வைத்துப் புறப்படும் காலத்தில் விற்பர். ஹஜ் முடித்துத் திரும்புகையில் பிழைக்க நிலம் இராது. பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஸீஸ் இதைக் கண்டு 1959இல் ஒரு திட்டத்தை வரைந்தார். அதன் பயனாக 1963இல் ஹஜ் சேமிப்புக் கழகம் தோன்றியது; இன்று தாபோங் ஹாஜி என்று அழைக்கப்படுவது அதுவே. சிறுகச் சிறுகச் சேர்க்கப்படும் பணம் தோட்டம், நிலம், பங்கு ஆகியவற்றில் வட்டியின்றி ஈடுபடுத்தப்படுகின்றது. சேமிப்போருக்கு இலக்கு தெரியும். ஹஜ்ஜுக்கு இவ்வளவு ஆகும். அது சேர்ந்தால் போதும்.

ஆயின் அந்நிறுவனமே பிற்காலத்தில் அந்தப் 'போதும்' என்பதில் தடுமாறியது என்பதையும் மறைக்கலாகாது. ஈட்டியது தாங்காத அளவுக்கு ஆண்டுதோறும் ஆதாயம் பகிர்ந்து வந்ததில், சொத்தைவிடப் பொறுப்பு மிகுந்துவிட்டதாக 2018இல் தணிக்கையில் தெரிந்தது. அரசு தனி நிறுவனம் ஒன்றை அமைத்து, மதிப்பிழந்த சொத்துகளை அதற்கு மாற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டுக்கான ஆதாயம் 1.25 சதவீதமாகக் குறைந்தது. நல்ல நோக்கமுள்ள நிறுவனத்திற்கும் வரம்பு தேவை.

பங்குச்சந்தை பற்றிச் சிலர் வினவியிருந்தீர்கள். மது, வட்டித் தொழில் போன்றவற்றை நீக்கி, கடன் மிகுந்த நிறுவனங்களையும் விலக்கித் தொகுக்கப்பட்ட நிஃப்டி ஷரீஆ குறியீடுகள் உள்ளன. அந்நெறியைப் பின்பற்றும் பரஸ்பர நிதிகளும் உள்ளன. அவற்றின் விவரங்களை ஆலிமிடமும் விவரமறிந்தவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். நாம் சொல்ல வருவது காலத்தைப் பற்றி. 2020 ஜனவரியில் 12,400 புள்ளிகளை ஒட்டி நின்ற நிஃப்டி, கொரோனா அச்சத்தில் மார்ச் மாதம் 7,600 அளவுக்குச் சரிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 13,900ஐக் கடந்தது. பத்தாண்டு கழித்துத் தேவைப்படும் பணத்தை அங்கு வைத்திருந்தவர் பொறுத்திருந்தார். ஏப்ரலில் நடக்கவிருந்த மகளின் நிக்காஹ் பணத்தை வைத்திருந்தவரால் பொறுக்க முடியுமா? இருவரும் வாங்கிய பங்கு ஒன்றே. (நிக்காஹ் என்றவுடன் நினைவுக்கு வருகின்றது: மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பவுன்களை இந்தப் 'போதும்' கணக்கில் எந்த வரியில் எழுதுவது என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை. அதற்குத் தனிக்கூட்டமே போட வேண்டும்.)

கணக்கிடும் பழக்கத்தை நாம் வெளியில் தேடவேண்டியதில்லை. ஜகாத்தே நமக்கு ஆண்டுக்கொரு முறை வரும் தணிக்கை. ஏறத்தாழ 11 பவுன் தங்கத்தின் மதிப்பை நிஸாபாகக் கொள்வோர் உளர். 612 கிராம் வெள்ளியைக் கொள்வோரும் உளர். அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. எவ்வாறாயினும் கையிருப்பு, சரக்கு, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் அனைத்தையும் ஒரு நாளில் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். ரமளானில் ஒரு தொகையைத் தோராயமாகக் கொடுத்துவிட்டுக் கணக்கை விட்டுவிடுகின்றோம். அதனால்தான் அடுத்த வீட்டு மாடியைப் பார்த்து நம் செல்வத்தை அளக்க நேர்கின்றது.

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களின் இல்லங்களில் இது இன்னும் அவசரம். யாருக்குக் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம் என்பது அவர் நெஞ்சில் மட்டும் இருக்கின்றது. திடீரென மவுத்துச் செய்தி வந்தால் மனைவிக்கு ஒன்றும் தெரிவதில்லை. கடன் கேட்டு வருபவர்கள் மட்டும் வருகின்றனர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் ஓதுகின்றோம், எழுதுவதில்லை.

ஆகவே கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் குடும்பத்திற்கு ஒரு தாள் வீதம் பெற்றுச் செல்லுங்கள். அதில் மூன்று பத்திகள் உள்ளன: இருப்பது, கொடுக்கவேண்டியது, இன்னும் தேவைப்படுவது. மூன்றாம் பத்தியில் ஒவ்வொரு தேவைக்கும் எதிரே தொகையும் ஆண்டும் இருத்தல் வேண்டும். கணவரும் மனைவியும் சேர்ந்து நிரப்புங்கள். ஷஅபான் மாதத்திற்குள் கொண்டுவந்தால் ஜகாத் கணக்கை இமாம் அவர்களுடன் அமர்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம். தாளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் எவரும் படி எடுக்க மாட்டார்கள். மூன்றாம் பத்தி வெறுமையாக இருந்தாலும் தயங்காமல் வாருங்கள்.

வஸ்ஸலாம்.