கூட்டு மந்திரிசபை யாருக்காக?

(கொமரலிங்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மில்லில் ஷிப்டு முடித்தும், வயலில் களையெடுத்தும் களைப்போடு வந்திருக்கிறீர்கள். நாம் பேச வேண்டிய கேள்வி ஒன்றுதான். எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லாமல், பல கட்சிகள் சேர்ந்து சர்க்கார் அமைத்தால் அது உழைப்பாளிக்கு நல்லதா, கெட்டதா?

"கூட்டணி என்றால் குழப்பம், ஒரே கட்சி ஆண்டால்தான் உறுதி" என்கிறார்கள் முதலாளிகள். யாருக்கு உறுதி? சரித்திரத்தைப் பார்ப்போம்.

1952 தேர்தலில் சென்னை ராஜ்ய சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸ் பெற்றது 152. கம்யூனிஸ்டுகள் 62 பேர் வென்றனர். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய முன்னணி கண்டு, 166 பேர் தம் பக்கம் என்று உரிமை கோரின. கவர்னர் அழைத்தது யாரை? தேர்தலில் நிற்காமலே மேல்சபைக்கு நியமிக்கப்பட்ட ராஜாஜியை! காங்கிரசை எதிர்த்து வோட்டு வாங்கிய காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயகர் அதிலே மந்திரியானார். ஜனங்களைக் கேட்டுச் செய்த கூட்டா இது? இந்த மந்திரிசபைதான் 1953ல் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது.

ஆனால் அதே மந்திரிசபை 1952லேயே தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டு வந்தது. பண்ணையாள் மீது திடீர்ப் பாசமா? இல்லை. கீழத் தஞ்சையில் செங்கொடிச் சங்கம் எழுந்து நின்றது. அதுதான் காரணம்!

2004க்கு வாருங்கள். டில்லியில் மன்மோகன் சிங் மந்திரிசபைக்கு இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். மந்திரி பதவி கேட்கவில்லை. குறைந்தபட்சப் பொதுத்திட்டம் ஒன்றை எழுத்தில் கேட்டார்கள். 2005ல் 100 நாள் வேலைச் சட்டம் வந்தது. 2008ல் அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம் என்றதும் ஆதரவை வாபஸ் வாங்கினார்கள்.

2024லும் பா.ஜ.க.வுக்குத் தனி மெஜாரிட்டி இல்லை, 240 பேர்தான். அதுவும் கூட்டணி சர்க்கார்தான். ஆனால் 2025 நவம்பரில் 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகளை அமல் செய்தார்கள். டிசம்பரில் 100 நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் செய்தார்கள். காகிதத்தில் 125 நாள். செலவில் 40 சதவீதம் பெரும்பாலான மாநிலங்களின் தலையில்! தோள் கொடுத்த கட்சிகள் தடுக்கவில்லை.

ஆகவே தோழர்களே, கூட்டணி என்பதாலேயே நன்மை வந்துவிடாது. எந்தத் திட்டத்துக்காகக் கூட்டு, அதை நிறைவேற்ற வைக்கும் சங்க பலம் வெளியே உண்டா என்பதுதான் கேள்வி. திருப்பூர்த் தொழிலாளி 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தவன். முதலாளியின் வாய்ச்சொல்லை நாம் நம்புவதில்லை. ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். வோட்டு கேட்டு வருகிறவரையும் அப்படியே கேட்போம்: "உங்கள் கூட்டில் எங்கள் கூலிக்கும் வேலைக்கும் எழுதியிருப்பது என்ன? காட்டுங்கள்!"

கேட்கிற குரல் ஒற்றைக் குரலாக இருந்தால் காதில் விழாது. மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே சங்கக் கொடியின் கீழ் நின்று கேட்போம். உழைப்பாளிகளின் அந்தக் கூட்டணிதான் முதல் கூட்டணி!