கணினிக்குத் தமிழிற் கட்டளை
(எத்தாளையில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கணினிக்கு வேலை சொல்லும் கலையை எமதூர்ப் பிள்ளைகளுக்கு எவ்வாறு பயிற்றலாம் என்பதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம். அதனைச் செய்நிரலாக்கம் என்பர். ஒரு வேலையைச் சிறுசிறு கட்டளைகளாகப் பிரித்து, முன்பின் முறை தவறாது எழுதிவைப்பதே அது. நிறை பார்த்து, விலையாற் பெருக்கி, கழிவு நீக்கிப் பணம் எண்ணும் மீன் வியாபாரி அதனை நாள்தோறும் மனத்துக்குள்ளே செய்கின்றார்.

ஆயின் பாடசாலையிலே நடப்பது யாது? சாதாரண தரத்திற் பாஸ்கல், உயர்தரத்திற் பைதன். விளக்கம் தமிழில், கட்டளைகளோ ஆங்கிலத்தில். ஓர் அரைப்புள்ளி விடுபட்டாற் கணினி ஆங்கிலத்திற் சினந்து கொள்ளும். ஏன் சினந்தது என்று விளங்காமற் பிள்ளை கையை எடுத்துவிடும். கணக்கிற் சூரர்களான பிள்ளைகளும் இந்தப் படியிலேயே இடறுகின்றனர்.

இதற்கு ஒரு வழியை முத்து அண்ணாமலை என்னும் பொறியியலாளர் காட்டினார். 2007ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, 2009 ஜூலையில் ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை அவர் அறிவித்தார். ‘பதிப்பி’ என்றால் திரையிற் காட்டும். ‘முடி’ என்றால் முடிக்கும். நிபந்தனையை முதலிற் சொல்லி அதன்பின் ‘ஆனால்’ என்று எழுதவேண்டும். ‘நிறை பத்துக்கு மேல் ஆனால்’ என்று நாம் பேசும் ஒழுங்கே அது! மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு வைத்தியர் கிறீன் நினைவுக்கு வருகின்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவ்வமெரிக்கர் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களும் ஆக்கினார். உடற்கூற்றைத் தமிழிற் சொல்லலாமெனின் கணினிக் கட்டளை எம்மாத்திரம்?

நாம் ஆக்க விரும்புவது அச்சுப் புத்தகமன்று. உலாவியிலே திறக்கும் பாடம். மேலே நாலு வரி விளக்கம், கீழே எழுதுவதற்கு ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு பொத்தான். எழுதி அமுக்கியவுடன் விடை வரவேண்டும். பிழையாயின் எந்த வரியில், என்ன பிழை என்று தமிழிற் சொல்லவேண்டும். 1967இற் பிறந்த லோகோ மொழியிலே பின்னர் ஓர் ஆமை சேர்ந்தது. கட்டளைப்படி அது நடந்து கோடு வரையும். கோடு கோணினாற் குழந்தை தானே கண்டு திருத்தும். வாத்தியார் பிரம்பெடுக்க வேண்டியதில்லை.

இனி விநியோகம். எழில், பைதன் மொழியின்மேற் கட்டப்பட்டது. பைதனையோ உலாவிக்குள்ளேயே இயக்கும் பையோடைட் என்னும் கருவியை மொசில்லா நிறுவனத்தார் 2018இல் தொடங்கினர். இவ்விரண்டையும் இணைத்தால், பிள்ளையின் கட்டளையைத் தூரத்துக் கணினிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. மன்ற மண்டபத்திலே ஒரு கணினியில் எல்லாப் பாடங்களையும் ஏற்றி, ஒரு வைஃபை பெட்டியை இணைத்துவிட்டால், சுற்றியிருக்கும் கைத்தொலைபேசிகளில் அவை திறக்கும். இணையமும் வேண்டாம், டேட்டாக் காசும் வேண்டாம்.

உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டாமோ என்று பெரியோர் கேட்பர். வேண்டும்தான். எழிலில் ஆறு மாதம் பழகிய பிள்ளைக்குப் பைதனிலே புதிதாய் இருப்பவை சொற்களும் எழுதும் ஒழுங்குந்தாம். சிந்திக்கும் முறை முன்னரே கைவந்திருக்கும். இரண்டு சுமையையும் ஒரே நாளில் தலையில் ஏற்றுவதையே நாம் மறுக்கின்றோம்.

பெரியோர்களிடம் கேட்பது அதிகமில்லை. வீட்டிலே தூசி படிந்து கிடக்கும் கணினி ஒன்று. சனிக்கிழமை பின்னேரங்களில் மண்டபத்தின் திறப்பு. பாடம் எழுதுவது எமது வேலை. முதற் பாடம் மீன் விலைக் கணக்கு.