சுரங்கத்தில் இருந்தவர் படிக்கும்போது

(கோலார் தங்கவயல் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் நாவலுக்கு முதல் தேர்வாளர் அந்தத் தொழிலைச் செய்தவரே. இலக்கிய விமர்சகர் அவருக்குப் பின்னால்தான் வரவேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் ஊர் இது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஒருவர் சுரங்க நாவலைக் கையில் எடுத்தால் அதில் எதைத் தேடுவார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில நூல்களைப் பார்க்கலாம். வரிசை எதுவும் கிடையாது. நூலக அலமாரியில் கைக்கு வந்ததை எடுப்பது போலத்தான்.

எமில் ஜோலாவின் 'ஜெர்மினல்' 1885இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அன்சேன் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஜோலா நேரில் சென்று, சுரங்கத்துள்ளும் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதினார். அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நாவலில் வேலைநிறுத்தம் எதனால் மூள்கிறது என்பதைக் கவனியுங்கள். மேற்கூரை சரியாமல் இருக்க மரமுட்டு கொடுக்கவேண்டும். ஆனால், கூலியோ வெட்டிய நிலக்கரிக்கு, வண்டிக் கணக்கில். முட்டுக் கொடுக்கும் நேரம் கூலியில்லா நேரம். ஆகவே தொழிலாளர்கள் அதை அரைகுறையாகச் செய்கிறார்கள். நிர்வாகம் அபராதம் போடுகிறது. பிறகு மரமுட்டுக்குத் தனிக்கூலி தருவதாகச் சொல்லிவிட்டு வண்டிக்கான விலையைக் குறைக்கிறது. கூட்டிக் கழித்தால் நட்டம் தொழிலாளிக்கே. உயிர்க்காப்பும் வயிற்றுப்பாடும் ஒன்றோடொன்று மோதும்படி கூலிமுறை அமைந்திருப்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல்கள் குறைவு. பாறை வெடிப்பில் தோழர்களை இழந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிழவர் போன்மோர் கரியாய்த் துப்பும் காட்சியும் அத்தகையதே. பொன் சுரங்கத்துத் தூசோ கருந்தூசு அன்று, கல்லின் வெளிர்தூசு. அது சளியில் கருமை காட்டாமலேயே நுரையீரலை இறுக்கிவிடும். சிலிகோசிஸ் நோயாளிகளை அறிந்தவர்கள் அந்தப் பக்கங்களை வேறொரு பொருளுடன் படிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூரியனைக் காணாமல் நிலத்தடியிலேயே வண்டியிழுத்து மடியும் பத்தாய் என்ற குதிரையை மறப்பது கடினம். மனிதர்களில் பலரைக் காட்டிலும் அந்தக் குதிரையை ஜோலா கனிவாக எழுதிவிட்டார் என்றுகூடத் தோன்றும்.

குறையும் உண்டு. பசித்த கூட்டம் வீதியில் இறங்கியதும் அவர்களை விலங்குக் கூட்டம் போல ஜோலா பார்க்கத் தொடங்கிவிடுகிறார். எழுச்சியை வெளியூரிலிருந்து வரும் எத்தியேன் என்ற இளைஞனே தூண்டவேண்டியிருக்கிறது. தங்கவயலின் வரலாறு இதற்கு வேறு விடை சொல்கிறது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து இங்கே ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தியபோது, பெயர் சொல்லத்தக்க தலைவர் எவரும் முன்னால் நிற்கவில்லை. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர், மைசூர் சமஸ்தானத்துச் சுரங்கத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் பற்றிய தம் ஆய்வு நூலில் இந்தப் போராட்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார். நாவல் படிக்கும் தோழர்கள் அதையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

கார்க்கியின் 'தாய்' எல்லோரும் படித்த நூல். ரகுநாதனின் தமிழில் படித்தவர்களே மிகுதி. பாவெலைப் புகழ்ந்து பேசிப் பழகிவிட்டோர் நீலவ்னா எழுத்துக் கற்கும் பக்கங்களை மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டும். பாவெல் தொடக்கம் முதலே ஏறத்தாழ முழுமையடைந்தவன். நாவலில் உண்மையில் வளர்பவள் கிழவிதான்.

தமிழுக்கு வந்தால், பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவலை இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். மொழிபெயர்ப்பு என்ற நினைவே எழாத மொழிபெயர்ப்பு. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சிறு பொறாமையைத் தரும். டேனியல் தேயிலைத் தோட்டத்து மருத்துவர்; தொழிற்சங்கமும் கட்டியவர். அதனால் நோயும் கணக்கும் அவர் கையில் வலுவாக நிற்கின்றன. மேஸ்திரி தரும் முன்பணம் எப்படிக் கழுத்துக் கயிறாகிறது என்பதை, வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூதாதையர் இங்கே வந்துசேர்ந்த குடும்பங்கள் உடனே இனங்கண்டுகொள்ளும். கு.சின்னப்ப பாரதியின் 'சுரங்கம்' வங்கத்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றியது. நாமக்கல் பகுதியில் பிறந்த எழுத்தாளர் அவ்வளவு தொலைவு சென்று எழுதியது போற்றத்தக்கது. ஆயினும் உரையாடல்கள் சில இடங்களில் மேடைப் பேச்சாகிவிடுகின்றன. இதைச் சொல்வதால் தோழர்கள் வருந்தவேண்டாம். டி.செல்வராஜின் 'தோல்' நாவலில் அந்தக் குறை குறைவு. திண்டுக்கல் தோல் பதனிடும் குழிகளின் நாற்றம் வாதங்களை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

கட்டுரைகளில் ஜார்ஜ் ஆர்வெல்லின் பெயரைச் சொன்னால் நம்மவர் புருவம் உயரும். பிற்காலத்தில் இடதுசாரிகளுக்கு எதிரான ஆயுதமாக அவர் பயன்படுத்தப்பட்டது உண்மையே. 1937இல் வந்த 'விகன் பியர்' நூலின் பிற்பாதியில் சோஷலிஸ்டுகளைக் கேலி செய்யும் பகுதிகள் எரிச்சலூட்டும். ஆனால் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியதைச் சொல்லும் அத்தியாயத்தை விட்டுவிடக்கூடாது. குழியின் அடியிலிருந்து வேலைமுகம் வரை குனிந்தபடியே நெடுந்தொலைவு நடக்கவேண்டும். அந்த நடைக்குக் கூலியில்லை என்பதை அவர் கண்டு எழுதினார். பிற்பாதியைக் கிழித்துவிட்டும் படிக்கலாம்.

இந்த மண்ணுக்கே உரிய கட்டுரை நூல் ஒன்று உண்டு: ஞான.அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்'. பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்த பின்னும் அவருடைய நூல்கள் மாரிகுப்பம் சித்தார்த்த புத்தகசாலை வழியாக வெளிவந்தன. 1926இல் 'தமிழன்' ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்தே மீண்டும் எழுந்தது. நிலத்தடியில் வேலை செய்தவர்கள் கொடுத்த காசில் ஒரு சிந்தனை மரபு காக்கப்பட்டது. பண்டிதரின் சொல்லாராய்ச்சி பல இடங்களில் ஏற்கத்தக்கதன்று. பெயர்களை அவர் பிரித்துப் பொருள் காணும் விதம் தமிழ் கற்றவர்களைத் திகைக்க வைக்கும். ஆனால் அன்றாடச் செய்திகளின் மீது எழுதும்போது அவர் நடை கூர்மையாகிவிடுகிறது. இத்தகைய எழுத்தை இடதுசாரி வாசகர்கள் நெடுங்காலம் மதநூல் என்று ஒதுக்கியது நட்டம். சுரங்கத்தில் யார் எந்த வேலைக்கு அனுப்பப்பட்டார்கள், யார் எந்த லைன் வீட்டில் குடியமர்த்தப்பட்டார்கள் என்பதைச் சாதியை விட்டுவிட்டு எழுதிவிட முடியாது.

தங்கவயலுக்குள் வாசகரை இறக்கிக்கொண்டு செல்லும் பெருநாவலுக்குக் காத்திருப்பவர்கள் பலர். அதை எழுதவருபவருக்கு 1930 இருக்கிறது. 1946 நவம்பரின் துப்பாக்கிச் சூடு இருக்கிறது. சயனைடு மேடுகள் கண்ணெதிரே இருக்கின்றன. கிடைப்பதற்கு அரியது சொற்கள்தான். ஷாப்டு, ஷிப்டு என்பவற்றைத் தூய தமிழாக்கினால் நாவல் செத்துவிடும். அவை தொழிலாளியின் தமிழ். கருவிக்கும் பாறைக்கும் ஆபத்துக்கும் அவர்களிடையே வழங்கிய சொற்கள் அகராதிகளில் தேடினால் அகப்படுவன அல்ல. சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அச்சொற்களை வேலையிடத்தில் கேட்டவர்களில் இளையவரும் இன்று நாற்பதைக் கடந்தவரே. ஒரு நோட்டுப் புத்தகமும் சில மாலைப்பொழுதுகளும் கிடைத்தால் இந்த வேலையைக் கிளைத் தோழர்களே தொடங்கிவிடலாம்.