பழைய சைக்கிளின் வயது என்ன?



ஒரு வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. தாத்தா ஓட்டியது. துரு ஏறிவிட்டது. பழைய இரும்பு வாங்குபவர் வருகிறார். கிலோக் கணக்கில் விலை சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தடுக்கிறார். "இது சீமைச் சைக்கிள், கொடுக்காதே" என்கிறார். யார் சொல்வது சரி? சைக்கிளே பதில் சொல்லும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் அழுக்கை எடுக்க வேண்டும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். உப்புத்தாள் போடக் கூடாது. போட்டால் எழுத்தும் எண்ணும் அழிந்துவிடும்.

ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்பக்கம் கம்பெனி முத்திரை இருக்கும். கொக்கின் தலை இருந்தால் ராலே. மூன்று துப்பாக்கிகள் இருந்தால் பி.எஸ்.ஏ. அந்தக் கம்பெனி முதலில் துப்பாக்கி செய்த கம்பெனி. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தின் நடுவில் மனிதக் கை வடிவம் இருந்தால் ரட்ஜ். இவை மூன்றும் இங்கிலாந்தில் பிறந்த பெயர்கள்.

பெயர் மட்டும் போதாது. ஹெர்குலஸ் கம்பெனி 1910-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 1950-களில் சென்னைக்கு அருகே அம்பத்தூரிலும் ஹெர்குலஸ் சைக்கிள் செய்தார்கள். மேற்கு வங்கத்தில் அசன்சோலில் ராலே சைக்கிள் செய்தார்கள். ஆகவே எந்த நாட்டில் செய்தது என்ற எழுத்தையும் தேட வேண்டும்.

வயதை அறிய உதவுவது கேட்லாக். இது கம்பெனி அச்சிட்ட விற்பனைப் புத்தகம். எந்த ஆண்டுக்கு உரியது என்பது அதில் இருக்கும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் படம் இருக்கும். சக்கர அளவு, பிரேக் வகை, விலை எல்லாம் இருக்கும். பழைய கேட்லாக்குகள் பலவற்றை இன்று கைபேசியிலேயே பார்க்கலாம்.

படத்தையும் சைக்கிளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரேக் கம்பியா, கயிறா? முன் ஃபோர்க்கின் வடிவம் என்ன? செயின் மூடி முழுதா, பாதியா? எல்லாம் ஒத்துப்போனால் அந்தக் காலத்துச் சைக்கிள் என்று கொள்ளலாம். ஒரே ஒரு பாகம் ஒத்துப்போகாவிட்டால், அது பின்னால் மாற்றிய பாகமாக இருக்கலாம். சீட்டும் பெடலும் அடிக்கடி மாற்றுபவை.

சில பாகங்களில் தேதியே இருக்கும். 1950-களில் வந்த மூன்று கியர் சைக்கிள்கள் பலவற்றில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பின் சக்கரக் குடம் உண்டு. அதில் 53, 3 என்று இருந்தால், 1953 மார்ச் மாதம் செய்தது. ஆனால் இது குடத்தின் வயது. சக்கரத்தை மாற்றியிருந்தால் சைக்கிளின் வயது வேறு.

பழைய முத்திரையைப் புதுச் சைக்கிளில் பொருத்தி விற்பவர்களும் உண்டு. ஆகவே வாங்குபவரும் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. விற்பவரும் அவசரப்படக் கூடாது.

தாத்தாவின் சைக்கிளை விற்பதா, வைத்துக்கொள்வதா? அது வீட்டாரின் விருப்பம். எடை போடுவதற்கு முன் ஒருமுறை துடைத்துப் படியுங்கள்.